பறித்தல்

பதினோரு மணி. ஆரல்வாய்மொழிக் காற்று
ஸ்டேஷன் ஜன்னல் கொக்கியை
விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறது.
தோவாளையில் ஏலம் முடிந்து நேராக வந்திருக்கிறாள்
செண்பகவடிவு, வயது நாற்பத்தாறு,
கணவர் பெயர் தாணுலிங்கம்.
உட்காரச் சொன்னேன். முந்தானையை உதறினாள்,
நாலு பிச்சி மொட்டு
என் வெள்ளைத்தாளில் விழுந்தது.

சொல்லுங்க.

சுயம்புன்னு ஒருத்தன் மேடம்.
சாக்கு இறக்குற எடத்துல
பைக்குல சாஞ்சு நிப்பான்.
வாரம் இருநூறு.

அடிச்சானா?
இல்ல.
கத்தி, கம்பு?
இல்ல மேடம். சிரிச்சிட்டுதான் கேப்பான்,
"அக்கா, பூவுல மண்ணெண்ண வாடை வந்தா
எந்த மலையாளத்தான் வாங்குவான்?"

கேள்விதான் அது.
கேள்விக்குறி போட்டே எழுதினேன்.
ஓணத்துக்கு முந்தின வாரம் ஆயிரமாம்,
அதே கேள்வி, இன்னும் மெதுவாக.

பையில கைவிட்டு எடுத்தானா?
இல்ல. நாந்தான் குடுத்தேன்.
என் கையால.

சொல்லிவிட்டுத் தலைகுனிந்தாள்,
குற்றம் தன்னுடையது என்பதுபோல.
பின்னால் நின்ற ஆல்பன்
"நீங்களே குடுத்துட்டு..." என்று இழுத்தார்.

ஆல்பன், சும்மா இருங்க.
தெரியாமல் எடுத்தால் திருட்டு.
பயம் காட்டி, அந்தப் பயத்தாலேயே
அவளை எடுத்துக் கொடுக்க வைத்தால்
அதற்குத்தான் பறித்தல் என்று பெயர்.
முந்நூற்றெட்டு, உட்பிரிவு இரண்டு.
என் பேனா இன்னும் பழைய முந்நூற்றெண்பத்துநாலில் போய் நிற்கும்,
அடித்துவிட்டு மேலே எழுதுவேன்.
கொடுத்தது அவள் கை என்பதால்
அவன் தப்பமாட்டான்.
வழக்கே அங்கேதான் இருக்கிறது.

பூவையும் நாங்கள் பறிக்கத்தான் செய்கிறோம்.
செடியிடம் யாரும் கேட்பதில்லை.
கிளை வளையும்,
அதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்வோம்.
எழுதவில்லை இதை. புகாருக்கு உவமை ஆகாது.

இத்தனை நாள் விட்டு இப்ப ஏன் வந்தீங்க?
"நேத்து தரல.
இன்னிக்கி சாக்க அவுத்தா..."
தாளில் கிடந்த மொட்டை எடுத்து முகர்ந்தேன்.
முதலில் பிச்சி.
அப்புறம் அடுப்படி.

சாட்சி உண்டா? பக்கத்துக் கடைக்காரங்க?
வரமாட்டாவ. அவ்வொளும் குடுக்காவ.
கணக்கு ஏதாவது?

இடுப்புப் பையிலிருந்து எடுத்துவைத்தாள்
இரண்டு முழம் வாழைநார்.
கொடுத்த நாளெல்லாம் ஒரு முடிச்சு,
பூக்கட்டுகிற விரல் போட்டது, அவிழாது.
நாற்பத்தொன்று எண்ணினேன்.
திரும்ப எண்ணும்போது
நடுநடுவே வேறொன்று தட்டுப்பட்டது,
கடுகளவு, நகத்தால் தடவினால்தான் தெரியும்.

இது என்னம்மா?

பேசவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள்.
சுவரில் பிள்ளையார் படம்.
வெள்ளிக்கிழமைதோறும் மார்க்கெட்டிலிருந்து
ஒரு பந்து பிச்சி வந்துவிடும் அவருக்கு.
இன்றைக்கும் வந்திருக்கிறது.
நாங்கள் யாரையும் கேட்டதில்லை.
யாரையும் மிரட்டியதில்லை.
ஆல்பன் போவார், வண்டியை அணைக்காமல் நிறுத்துவார்,
யாராவது ஒருத்தி கொண்டுவந்து கொடுப்பாள்
தன் கையால்.
போன வாரத்து மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு
நான் பெருவிளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.
நல்ல பூ, எங்க வாங்கினிய என்று
பெண்ணின் அத்தை கேட்டாள்.

மின்விசிறிக் காற்றில் நார் தானாகச் சுருண்டது.
"காஞ்சா ஒடிஞ்சிரும் மேடம்.
பூதப்பாண்டி கோர்ட்டுக்குப் போறவரைக்கும்
தண்ணி தெளிச்சு வையுங்க."
சரி என்றேன்.

படிவம் தொண்ணூற்றைந்தை இழுத்து எழுதினேன்,
"முடிச்சுகளுள்ள வாழைநார், பழையது."
எண்ணிக்கை என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
ஒன்று என்று போட்டேன்.